சோற்றை விடும் முன் தே தாரிக்கைப் பாருங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. வயது 47, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. அரசாங்க கிளினிக்கில் எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 6.0 சதவீதம் வந்தது, மருந்து இன்னும் தரவில்லை. சோற்றை விட்டுப் பார்த்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இங்கே ஜிம்மும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மலேசியாவில் 6.3-ஐத் தொட்டால் நீரிழிவு என்பார்கள். நீங்கள் அதற்குச் சற்றுக் கீழே. இந்த இடத்திலிருந்து திரும்பலாம். அமெரிக்காவில் 2002-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலை அசைப்பது என்ற இரண்டையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. உங்கள் எடையில் 7 சதவீதம் என்பது சுமார் 6 கிலோ.

சோற்றை அடியோடு விட்டவர்கள் ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில் மீ கோரிங்குக்கு உட்காருவது வழக்கம். அதனால் முதல் மாதம் சோற்றின் அளவை மாற்றாதீர்கள், தேநீர் கிளாஸைப் பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை. நாளுக்கு மூன்று குடித்தால் 60. 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்வது பாதிக் கிணறு தாண்டுவதுதான்: கெட்டிப்பாலே இனிப்பு, எவ்வளவு குறையும் என்பது கலக்குபவர் கையில் இருக்கிறது. 'தே சி கோசோங்' (இனிப்பில்லாத பால் சேர்த்து, சர்க்கரை இல்லாமல்) அல்லது 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாமல்) கேளுங்கள். நாக்கு அடம்பிடித்தால் ஒரு கிளாஸை மட்டும் வழக்கம்போல் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். மூன்றும் ஒன்றாய்க் கலந்த பாக்கெட் காப்பியும் இதே கணக்குதான். தேனும் கருப்பட்டியும் விதிவிலக்கல்ல.

அடுத்து தட்டு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சூக்கு சூக்கு செப்பாரோ' (கால், கால், பாதி): பாதித் தட்டு காய்கறி, பழம், கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, முட்டை, தௌஹு. நம் வீடுகளில் இது பிசகுவது உருளைக்கிழங்கில். பிரட்டலாக வந்தாலும் அது காய் அல்ல, சோற்றின் பங்கில் சேரும், மரவள்ளியும் அப்படியே. காய்கறியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், சோறு கடைசியில். காங்கோங் கீரை, சாவி கீரை, முருங்கைக்கீரை எல்லாம் பசார் மாலாமிலேயே (இரவுச் சந்தை) கிடைக்கும்; ஓட்ஸ் தேடி அலைய வேண்டியதில்லை. சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தி என்பது மாற்றமே இல்லை. ரொட்டி சானாயை வாரம் இரண்டு நாளோடு நிறுத்துங்கள்: ஒன்று மட்டும், கூட இரண்டு அரைவேக்காட்டு முட்டை. இரவு ஷிப்டில் வேலைக்குப் போகும் முன்பே முழுச் சாப்பாடு. நள்ளிரவுக்குமேல் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம் போதும்.

நடைக்கு நேரம் தேடாதீர்கள். பெரிய சாப்பாடு எதுவோ, அது முடிந்த அரை மணிக்குள் 15 நிமிடம் நடங்கள். சாப்பிட்ட அந்த நேரத்தில்தான் ரத்தத்தில் சர்க்கரை ஏறும்; வேலை செய்யும் கால் தசை அதை இழுத்துக்கொள்ளும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். இருட்டில் தோட்டத்துச் செம்மண் சாலை வேண்டாம், நாயும் பாம்பும் உண்டு. விளக்குள்ள தாமான் (குடியிருப்பு) தெருவே மேல். இதற்கு மேல் வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள், 10 தடவை வீதம் மூன்று சுற்று. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மழை நாளிலும் இது நடக்கும். முட்டி வலித்தால் உயரமான இருக்கைக்கு மாறுங்கள். நெஞ்சு இறுக்கினாலோ மயக்கம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். இறுக்கம் தணியாவிட்டால் 999-ஐ அழையுங்கள், தணிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், சாப்பிடும் முன் பாருங்கள். எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. அடுத்த மாதமே மறுபடி எடுத்தால் முழு மாற்றம் தெரியாது. மூன்று மாதம் கழித்து எடுங்கள். அப்போது 6.3-ஐத் தொட்டிருந்தால் கிளினிக்கில் மருந்தைப் பற்றிப் பேசுங்கள், தட்டையும் நடையையும் விடாமலேயே.