பதக்கம் மகளுக்கு, படம் யாருக்கு?

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. நீண்ட தூர ஓட்டக்காரி. தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கியிருக்கிறாள். ஆனால் அவளிடம் பலமுறை தோற்ற இன்னொரு பெண்தான் விளம்பரங்களில் வருகிறாள். இன்ஸ்டாகிராமில் அவளுக்கு லட்சக்கணக்கில் ஃபாலோயர்கள். போன மாதம் ஒரு ஏஜென்சி எங்களைத் தேடி வந்தது. ‘உன்னிடம் ஓட்டம் இருக்கிறது, கதை இல்லை. அதை நாங்கள் உருவாக்குகிறோம்’ என்று சொல்லி, ஐந்து வருட ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார்கள். அவளுக்கு ஆசை, எனக்கு எரிச்சல். வெளிநாடுகளில் திறமையை மட்டும்தானே பார்க்கிறார்கள்? கையெழுத்துப் போடச் சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளிநாடு பற்றிய அந்த நம்பிக்கையை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். ரஷ்ய டென்னிஸ் வீராங்கனை அன்னா கூர்னிகோவாவை நினைவிருக்கிறதா? டபிள்யூ.டி.ஏ. என்ற பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட வெல்லாதவர். இரட்டையரில் அவருக்கு ஜோடியாக ஆடிய மார்ட்டினா ஹிங்கிஸ், ஒற்றையரில் 5 கிராண்ட்ஸ்லாம் வென்றவர். இருவரும் வலைக்கு ஒரே பக்கம் நின்றபோது கேமரா யாரைத் தேடியது என்று அந்தக் காலத்து டென்னிஸ் ரசிகர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். (கூர்னிகோவா ஒன்றும் சும்மா வந்தவர் இல்லை. ஒற்றையர் தரவரிசையில் 8-ஆம் இடம் வரை போனவர். அதைச் சொல்லத்தான் ஆளில்லாமல் போயிற்று.)

ஆக, ‘கதை வேண்டும்’ என்று ஏஜென்சி சொல்வது பொய்யில்லை. ‘நாங்கள் உருவாக்குகிறோம்’ என்பதுதான் உதைக்கிறது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பாத்திரங்களை முன்பே எழுதி வைத்திருக்கிறது. விளையாட வருபவரை அதில் ஒன்றில் பொருத்திவிடுவதுதான் பத்திரிகையும் விளம்பரமும் செய்கிற வேலை.

பிரான்சை எடுத்துக்கொள்ளுங்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயமே ‘லோட்டோ’ என்ற பத்திரிகை விற்பனையைக் கூட்டுவதற்காக 1903-இல் தொடங்கியதுதான். அந்தப் பந்தயத்தில் ஜாக் ஆங்க்டில் 5 முறை பட்டம் வென்றார். அவருடைய போட்டியாளர் ரேமோன் பூலிதோர் 3 முறை இரண்டாம் இடம், 5 முறை மூன்றாம் இடம். முன்னிலையில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. 1964-இல் புய் டி டோம் மலையில் இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் புகைப்படம் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அந்த வருடப் பட்டத்தை ஆங்க்டில் 55 விநாடி வித்தியாசத்தில் தட்டிச் சென்றார். மக்கள் ‘பூபூ’ என்று செல்லமாகக் கூப்பிட்டது பூலிதோரை! கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு வேகமாக இடம்பெயர்ந்துகொண்டிருந்த நாடு அது. கணக்குப் போட்டு ஜெயிப்பவராக ஆங்க்டிலையும், வயலில் உழைத்து வளர்ந்த வெள்ளந்தியாகப் பூலிதோரையும் பத்திரிகைகள் எதிரெதிரே நிறுத்தின. ரசிகர்கள் தங்கள் ஊர்க்காரரைப் பார்ப்பதுபோல் பூலிதோரைப் பார்த்தார்கள். வயதான காலத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? மஞ்சள் ஜெர்சிக்கு ஸ்பான்சரான வங்கியின் முகமாக, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, வருடா வருடம் பந்தயத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்!

தோற்றவரைக் கொண்டாடுவது பிரெஞ்சுக்காரர்களின் தனிச்சொத்தும் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது விநாடியில் நூறில் ஒரு பங்கு. அந்த நான்காம் இடத்தை நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் பாத்திரம் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவின் அம்மா ஜப்பானியர், அப்பா ஹைட்டியைச் சேர்ந்தவர், வளர்ந்தது அமெரிக்காவில். 2018-இல் அவர் அமெரிக்க ஓபனை வென்றதும் ஜப்பான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. சில மாதத்தில் நிஸ்ஸின் என்ற நூடுல்ஸ் நிறுவனம் ஒரு கார்ட்டூன் விளம்பரம் வெளியிட்டது. அதில் அவருடைய தோல் வெளுப்பாகவும் முடி இளம் பழுப்பாகவும் இருந்தது. எதிர்ப்பு கிளம்பவும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்துவிட்டது. சாம்பியன் வேண்டும், ஆனால் தங்களுக்குப் பழகிய முகத்தில் வேண்டும். 2020 அமெரிக்க ஓபனில் அதே ஒசாகா, வன்முறைக்குப் பலியான கறுப்பினத்தவர் பெயர்கள் எழுதிய முகக்கவசங்களை ஆட்டத்துக்கு ஒன்றாக, ஏழு ஆட்டங்களுக்கும் அணிந்து வந்தார். யாரும் எழுதித் தராத வசனம் அது.

இனி உங்கள் கைக்கு வந்திருக்கும் காகிதத்துக்கு வருவோம். சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் விஷயம் உங்களுக்கு நேரடியாக உதவும். 2003-இல் கோக்க கோலா நிறுவனம் அவர் தேசிய அணி உடையில் இருக்கும் படத்தைத் தன் பாட்டில்களில் போட்டது. யாவ் மிங்கோ பெப்சியோடு ஒப்பந்தம் செய்திருந்தவர். தேசிய அணியின் வணிக உரிமையை வாங்கியிருக்கிறோம் என்றது கோக். ‘அணியின் படம் வேறு, என் முகம் வேறு’ என்பது அவர் தரப்பு. ஷாங்காயில் வழக்குப் போட்டார். கேட்ட இழப்பீடு ஒரு யுவான், கூடவே ஒரு மன்னிப்பு. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, வழக்கும் முடிந்தது. விளையாட்டுச் சங்கமும் அரசும் வளர்த்து ஆளாக்கும் வீரரின் முகம் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு அங்கே பலமாகக் கிளம்பியது அப்போதுதான்.

உங்கள் மகளின் ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அவளுடைய படம், பெயர், குரல் யாருக்கு, எத்தனை காலத்துக்கு? ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர்கள் பயன்படுத்தலாமா? தேசிய அணி உடையில் எடுத்த படத்துக்குச் சங்கத்தின் விதி என்ன? இன்ஸ்டாகிராம் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? இதையெல்லாம் விளையாட்டு ஒப்பந்தம் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொட வேண்டாம். 20 வயதில் ஐந்து வருடம் என்பது அவளுடைய ஓட்டத்தின் பெரும்பகுதி. ஒரு வருடம் பார்ப்போம், பிடித்தால் நீட்டிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். பயிற்சி நாட்களில் ஷூட்டிங் கிடையாது என்பதும் எழுத்தில் வர வேண்டும், வாய்வார்த்தை போதாது.

கதை விஷயத்தில் கறாராக இருங்கள். ‘ஏழை வீட்டுப் பெண்’, ‘கண்ணீர்’, ‘அம்மாவின் தியாகம்’ என்று ஏதாவது தயாராக வைத்திருப்பார்கள், அது சுலபமாக விற்கும். உண்மையாக இருந்தாலும்கூட, எதைச் சொல்வது, எதை வீட்டோடு வைத்துக்கொள்வது என்று அவள்தான் தீர்மானிக்க வேண்டும். அவள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று ஒரு ஷரத்து கேளுங்கள்.

அந்த இன்னொரு பெண்ணை விட்டுவிடுங்கள். ஓடிவிட்டு வந்து வீடியோவும் எடுப்பது இரண்டாவது வேலை, அவள் அதைச் செய்கிறாள். உங்கள் மகளுக்கும் அதில் ஆசை இருந்தால் தப்பில்லை. கையெழுத்தும் அவளுடையதுதான், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் படித்தால் போதும்.

ஒன்றை மட்டும் ஏஜென்சிக்காரரிடம் நேரில் கேளுங்கள். சீனத் தடை ஓட்ட வீரர் லியு ஷியாங், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சொந்த மக்கள் முன்னால் காயத்தோடு பந்தயத்திலிருந்து விலகினார். நாடே அவர் முகத்தை விளம்பரங்களில் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்படி ஒரு நாள் உங்கள் மகளுக்கு வந்தால், அந்த ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.