அந்தத் தோட்டத்தை விற்காதீர்கள், அண்ணாச்சி

அண்ணாச்சி, மகள் பிளஸ் டூவில் வாங்கிய மார்க்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். நல்ல மார்க்தான். எனக்குக் கவலை, அந்த மார்க்கை வைத்து உங்கள் சொந்தக்காரர்கள் போட்டிருக்கும் கணக்கைப் பற்றி. ரப்பர் தோட்டத்தில் பாதியை விற்பது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. இன்ஜினீயரிங் சீட் வாங்குவது, படிப்பு முடிந்ததும் துபாயில் இருக்கும் மச்சான் வேலை பார்த்துக் கொடுப்பது. இதில் எந்த இடத்திலும் அந்தப் பிள்ளை இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனசு வரவில்லை. விற்காதீர்கள்.

இன்ஜினீயரிங் கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதில் பிடிப்புள்ள பிள்ளை கவுன்சிலிங்கில் சீட் எடுத்துப் படிக்கட்டும். உங்கள் மகளிடம் கோடிங் பற்றிக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். டிராயிங் மாஸ்டராக இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன், நிறுத்தவே இல்லை. ஸ்கெட்ச் புத்தகங்கள், கண்காட்சி அழைப்பிதழ்கள், சக ஓவியர்கள் எழுதிய கடிதங்கள், பழைய போட்டோக்கள். எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகப் பிரித்து, செல்போனில் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாள். ஆண்டு உறுதியாகத் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். போட்டோவில் ஒட்டியிருந்த செலோ டேப்பை, படம் கிழியும் என்று பிய்க்காமல் விட்டிருக்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

இதுவே ஒரு தொழில், பழைய ஆவணங்களைப் பிரித்து, படமெடுத்து, விவரம் எழுதிக் காக்கும் தொழில். கலை அருங்காட்சியகங்களில் ஓவியங்கள் மட்டும் இல்லை. பெரிய அருங்காட்சியகம் என்றால் உள்ளே நூலகம் இருக்கும். அதற்குள் சிறப்புத் தொகுப்பு, ஆவணக் காப்பகம் என்று தனிப் பிரிவுகள் இருக்கும். ஓவியர்களின் கடிதங்கள், ஏலப் பட்டியல்கள், கண்காட்சிக் கையேடுகள், கண்ணாடி நெகட்டிவ்கள், ஓவியத்தை யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்ற ரசீதுகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு ஓவியம் அசலா போலியா என்ற வழக்கில் கடைசியில் தேடிப் போவது இந்தக் காகிதங்களைத்தான். இவற்றை மின்னுருவாக்கி, அதாவது கணினியில் பார்க்கும் படங்களாக மாற்றி, உலகத்தில் எங்கிருந்தும் தேடிப் பார்க்கும்படி செய்ய ஆள் வேண்டும்.

ஸ்கேன் எடுப்பதற்குப் படிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். ஜெராக்ஸ் கடையில் போல புத்தகத்தைக் கவிழ்த்து அமுக்கினால் பழைய தையல் முறிந்துவிடும். அதனால் முழுதாக விரியாத புத்தகத்தை 'வி' வடிவத் தாங்கியில் வைத்து, மேலிருந்து கேமராவால் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரிச் சாய்வில் விளக்கு. பக்கத்தோடு சேர்த்து வண்ண அட்டை ஒன்றையும் படமெடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நீர்வண்ணத்தின் நீலம் திரையில் வேறு நீலமாகிவிடும், பிறகு எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. காகிதத்தைக் கழுவி உலர்ந்த வெறுங்கையால் தொடுவதே நல்லது, துணிக் கையுறையில் விளிம்பு சிக்கிக் கிழியும். போட்டோவையும் நெகட்டிவையும் தொட நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும்.

ஒரு ஏ4 பக்கத்தை 600 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 படப்புள்ளி) அளவில், முழு வண்ணத்தில், சுருக்காத டிஃப் என்ற படக் கோப்பாக எடுத்தால் சுமார் 100 எம்பி. 300 பக்க ஆல்பம் ஒன்றே 30 ஜிபி. அதை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்றை வேறு ஊரில் வைக்க வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் செக்சம் எண்ணை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் படிப்பு வீணாகுமே என்று வருந்தினீர்களே, இங்கே அது தினமும் வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் மதிப்பாகத் தெரிவது விவரப்பதிவு. மெட்டாடேட்டா என்பார்கள். படம் எத்தனை துல்லியமாக இருந்தாலும், யார், எப்போது, எங்கே, எதன் மேல், எந்தத் தொகுப்பில் என்று எழுதாவிட்டால் அது காணாமல் போனதற்குச் சமம். டப்ளின் கோர் என்ற முறையில் இதற்கு 15 அடிப்படைக் கூறுகள் உண்டு. ஒரே ஓவியரின் பெயர் பல விதமாக எழுதப்பட்டிருந்தால் அவற்றைச் சேர்த்துக் கட்ட, அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் தனிப் பெயர்ப்பட்டியலே வைத்திருக்கிறது. பல நாட்டு நூலகங்கள் மின்னுருவாக்கிய கலை வரலாற்று நூல்களை ஒரே இடத்தில் தேடும் தளத்தையும் அவர்கள் 2012இல் தொடங்கினார்கள். உரிமைச் சட்டமும் தெரிய வேண்டும். கடிதக் காகிதம் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருக்கலாம், எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் வாரிசுகளுக்கும். உங்கள் மகள் போட்ட கேள்விக்குறியின் அருமை இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, படிப்பு. முதலில் பக்கத்திலுள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் வரலாறோ தமிழோ கம்ப்யூட்டர் சயின்ஸோ, அவள் விரும்பும் பட்டம். பிறகு நூலக, தகவல் அறிவியலில் இளநிலை ஓராண்டு, அதன் மேல் முதுநிலை. இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையிலும் படிக்கலாம். அதற்குப் பின் டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் தன் பள்ளியில் நடத்தும் ஓராண்டு ஆவணவியல் டிப்ளமோ. சுவடிப் பக்கம் மனசு போனால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. இத்தனைக்கும் தோட்டத்தின் ஒரு மூலையைக்கூட விற்கத் தேவையில்லை. வெளியூர் விடுதிச் செலவு வரும், அதற்கு இப்போதிருந்தே மாதச் சீட்டு போடுங்கள்.

நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர்தானே என்று அவளுடைய சித்தப்பா சொன்னாராம். சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, உலகம் முழுக்கப் படிக்கும் நூலகவியல் கொள்கைகளை வகுத்தார். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

நம் எல்லைப் பக்கத்துப் பிள்ளைக்கு இன்னொரு பலம் உண்டு, நாம் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடுகிறது, மகள் இரண்டையும் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாள். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மதிலகம் ஆவணங்கள், அதாவது பத்மநாபசுவாமி கோயிலின் பழைய பதிவுகள், வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று பழைய எழுத்துகளில் ஓலைச் சுருணைகளாக (ஓலைக் கட்டுகளாக) இருக்கின்றன. இவற்றை வாசிக்க இரண்டு மொழியும் தெரிந்த ஆள் வேண்டும். களியக்காவிளை தாண்டி பஸ்ஸில் திருவனந்தபுரம் போனால், ஒரே வளாகத்தில் நேப்பியர் அருங்காட்சியகமும், 1935இல் திறந்த ஸ்ரீசித்ரா கலைக்கூடமும் இருக்கின்றன. ரவிவர்மாவின் ஓவியங்களும் அந்த வளாகத்தில் உண்டு.

கஷ்டத்தையும் சொல்கிறேன். தொடக்கத்தில் பெரும்பாலும் திட்ட வேலைதான் கிடைக்கும். ஒரு தொகுப்பு முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். முதல் சில வருஷம் சம்பளம் கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லும்படி இருக்காது. நிரந்தர வேலைக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு, அரசு அறிவிப்புகள் என்று காத்திருக்க வேண்டும். அதே சமயம், நூலகப் பட்டம் கையில் இருந்தால் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை நூலக வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்ற இடங்களில் வருஷக்கணக்காக இந்த வேலை நடக்கிறது. அழியும் ஆவணங்களைக் காக்க, பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் ஒரு நிதி நல்கைத் திட்டம் நடத்துகிறது, தமிழ்நாட்டுக்கும் அதில் திட்டங்கள் வந்திருக்கின்றன.

இனி மகளிடம் ஒரு வார்த்தை. மக்களே, உனக்கு: செல்போன் படங்களை இன்றே இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வை. கோப்புப் பெயரில் ஆண்டையும் வரிசை எண்ணையும் சேர். கடிதங்களைப் பிளாஸ்டிக் கவரிலோ செய்தித்தாளிலோ பொதியாதே, அமிலமில்லாத காகிதம் வாங்கிக்கொள். மழை தொடங்குமுன் பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்து. வட்டெழுத்து அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் கொஞ்சம் எழுதிப் பழகு.

அண்ணாச்சி, அட்வான்ஸ் கேட்கும் கல்லூரி ஏஜென்டுக்கு இந்த வாரம் எதுவும் கொடுக்காதீர்கள். ஒருநாள் கடையை மூடிவிட்டு அவளைத் திருவனந்தபுரம் கூட்டிப் போங்கள். அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்களிடம் என்ன படித்தார்கள், எப்படிச் சேர்ந்தார்கள் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அதன் பிறகும் அவள் இன்ஜினீயரிங்தான் வேண்டும் என்று தன் வாயால் சொன்னால், கவுன்சிலிங்கில் கிடைக்கும் சீட்டுக்கு விண்ணப்பம் போட நானே உதவுகிறேன். தோட்டத்தை மட்டும் அப்போதும் தொட வேண்டாம்.