கழுத்துக் காயத்துக்கு எஸ்11.91 ஏன் ரிஜெக்ட் ஆச்சு?

நண்பா, கண்ணாடி மேல விழுந்து கழுத்துல வெட்டுன கேஸுக்கு எஸ்11.91எக்ஸ்ஏ-ங்குற ஐசிடி-10-சிஎம் கோடு (நோய், காயத்தைக் குறிக்கிற மெடிக்கல் குறியீடு) போட்டு ரிஜெக்ட் ஆச்சுன்னு சொல்றீங்க, அது கழுத்துல எந்த இடம்னே தெரியாதப்ப போடுற கோடு, அதுவும் காயத்துக்குள்ள வெளிப்பொருள் எதுவும் இல்லாதப்ப. உங்க ஓப்பரேஷன் நோட்லயே லாரிங்ஸ் (குரல்வளை) கிழிஞ்சிருக்கு, கண்ணாடித் துண்டு எடுத்தோம்னு இருக்கே, அப்ப எஸ்11.012ஏ தான். எமர்ஜென்சி நோட்டை மட்டும் படிச்சிட்டு கோடு போட்டா இப்படித்தான் மாட்டும், நானும் மாட்டியிருக்கேன். வலது இன்டர்னல் ஜுகுலர் வெயின்ல (கழுத்துல உள்பக்கமா ஓடுற ரத்தக்குழாய்) சின்ன கிழிசல்னா எஸ்15.311ஏ, ஆனா லாரிங்ஸுக்கு அப்புறமா வரணும், ரத்தக்குழாய் தான் மெயின் காயம்னா மட்டும் அது முதல்ல. கூடவே காயம் எப்படி ஆச்சுன்னு சொல்ற கோடும் சேருங்க, வழுக்கியோ தடுக்கியோ கண்ணாடி மேல விழுந்ததுன்னா டபிள்யூ01.110ஏ. காயம் பிளாட்டிஸ்மா தசையை (கழுத்துத் தோலுக்குக் கீழ இருக்குற மெல்லிய தசை) தாண்டுச்சான்னு நோட்ல இல்லேன்னா நீங்களா முடிவு பண்ணாதீங்க, சர்ஜன்கிட்ட விளக்கம் கேட்டு கொயரி போடுங்க.