சாம்பல் நீலச் சுவர் இரவில் வெறும் நீலமாகத் தெரிகிறதா?

ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த சாம்பல் நீலம் அடித்தோம், இரவில் அது வெறும் நீலமாகத் தெரிகிறது, மறுபடி அடிக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டாம், முதலில் பல்பை மாற்றுங்கள். பெயின்ட் நிற அட்டையில் சாம்பலாக இருந்த நிறம் ஹால் சுவரில் இரவு மட்டும் பளிச்சென்று நீலமாகிறது என்றால், பெரும்பாலும் காரணம் 6500 கெல்வின் எல்இடி டியூப்தான் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்). அந்த வெளிச்சத்திலேயே நீலம் அதிகம், சுவரில் உள்ள நீலத்தைத் தூக்கிக் காட்டும்.

இன்றைக்கே ஒரு 4000 கெல்வின் பல்பு வாங்கி, டியூப்பை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டுப் பாருங்கள். பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் நல்லது. 3000 வரை இறங்கினால் நீலம் இன்னும் அடங்கும், ஆனால் இவ்வளவு அடர்ந்த நிறம் கொஞ்சம் மங்கிவிடும். எனக்குப் பிடித்தது 4000தான்.

அப்புறம், மற்ற மூன்று சுவரும் கிரீம் என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் சாயல் பக்கத்தில் இருந்தால் நீலம் கூடுதலாகவே தெரியும். ஒரு பெரிய வெள்ளைச் சார்ட் பேப்பரை கிரீம் சுவரை மறைத்து ஒட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் அந்தச் சுவர்களை மட்டும் சாம்பல் கலந்த வெள்ளைக்கு மாற்றினால் போதும்.

ஒன்று மட்டும்: பகலிலும் இதே நீலம் என்றால் பல்பு உதவாது. டப்பாவில் ஒட்டியிருக்கும் ஷேட் எண்ணை அட்டையோடு சரிபாருங்கள்.