தொட்டி சென்சார் அளவு ஏன் தாவுகிறது? கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் மட்டம் பார்க்க, ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் ஏ02ஒய்ஒய்யூடபிள்யூ சென்சாரை அர்டுயினோ யூனோ போர்டுடன் இணைத்திருக்கிறேன். 1200 மி.மீ. காட்ட வேண்டிய இடத்தில் திடீரென்று 45235 என்று வருகிறது. சில சமயம் 65284. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. சென்சார் போலியா?

பதில்: சென்சாரை மாற்ற வேண்டாம் தம்பி. நீங்கள் கொடுத்த இரண்டு எண்களே காரணத்தைச் சொல்கின்றன.

இந்த சென்சார் 9600 பாட் வேகத்தில் ஒவ்வொரு அளவையும் நான்கு பைட்டாக அனுப்பும், அந்த நான்கும் சேர்ந்தது ஒரு ஃபிரேம். முதலில் 255, அது தலைப்பு. அடுத்து மேல் பைட், கீழ் பைட், கடைசியில் சரிபார்ப்பு பைட். 1200 மி.மீ. என்றால் 255, 4, 176, 179 என்று வரும். 4 × 256 + 176 = 1200.

உங்கள் நிரல் ஒரு பைட் தள்ளிப் படித்தால் 4, 176, 179, 255 என்று கையில் விழும். நடு இரண்டையும் எடுத்து 176 × 256 + 179 என்று கணக்குப் போட்டால் 45235. மூன்று பைட் தள்ளினால் 255 × 256 + 4 = 65284. ஆக, பைட்டுகள் சரியாகத்தான் வருகின்றன, வரிசைதான் நழுவுகிறது.

நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் லூப்பில் இருக்கும் டிலே, அதாவது நிரலைக் காத்திருக்க வைக்கும் கட்டளை. வந்த பைட்டுகள் படிக்கப்படும்வரை தங்கும் இடமான யூனோவின் சீரியல் பஃபர் 64 பைட், ஆனால் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைப்பதால் 63 பைட்தான் தங்கும். 63 நான்கால் வகுபடாது: 15 முழு ஃபிரேம், மிச்சம் 3 பைட். அதற்குமேல் வருவது கீழே விழுந்துவிடும். நூறு மில்லி செகண்டுக்கு ஒரு ஃபிரேம் என்றால் ஒன்றரை செகண்டிலேயே பஃபர் நிரம்பிவிடும். ஐந்து செகண்ட் டிலே வைத்தால் நழுவாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரிசெய்யும் முறை: டிலேயை எடுத்துவிட்டு, நிரலை நிறுத்தாமல் நேரம் சொல்லும் மில்லிஸ் கட்டளையை வைத்து நேரம் பாருங்கள். ஒவ்வொரு பைட்டாகப் படித்து, 255 வரும்வரை தள்ளிவிடுங்கள். வந்ததும் அடுத்த மூன்று பைட்டுக்குக் காத்திருங்கள். முதல் மூன்றையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் வரும் மீதி நான்காவது பைட்டோடு பொருந்த வேண்டும்: 255 + 4 + 176 = 435, மீதி 179. பொருந்தாவிட்டால் நான்கையும் தூக்கி எறியாதீர்கள். முதல் பைட்டை மட்டும் விட்டுவிட்டு மறுபடி தேடுங்கள், அடுத்த ஃபிரேமின் தலைப்பு அந்த மூன்றுக்குள்ளேயே இருக்கலாம்.

கேள்வி (அம்பத்தூர்): 255 வந்தாலே ஃபிரேம் ஆரம்பம்தானே? சரிபார்ப்பு எதற்கு?

பதில்: தூரமே 255 மி.மீ. ஆக இருந்தால் 255, 0, 255, 254 என்று வரும். இரண்டாவது 255-ஐத் தலைப்பு என்று நம்பினால் 65279 மி.மீ. கிடைக்கும். 511, 767 மி.மீ. அளவுகளிலும் கீழ் பைட் 255தான். தண்ணீர் அந்த மட்டத்தில் நிற்கும்போது மட்டும் கெட்டுப்போகும் நிரலில் தவறைப் பிடிக்கப் பல நாள் ஆகும். சரிபார்ப்பை விடவே விடாதீர்கள்.

கேள்வி (பெரம்பூர்): படிப்பதற்கு முன் சீரியல் ஃபிளஷ் போட்டும் மாறவில்லை, சார்.

பதில்: அர்டுயினோ 1.0 முதல் ஃபிளஷ் என்பது அனுப்ப வேண்டியது போய் முடியும்வரை காத்திருக்கும் கட்டளை. வந்து குவிந்ததை அது தொடாது. காலி செய்ய வேண்டுமானால் பஃபரில் இருக்கும்வரை ரீட் செய்யுங்கள். அப்போதும் ஃபிரேமின் நடுவில் நிற்க வாய்ப்புண்டு, தலைப்பைத் தேடித்தான் ஆகவேண்டும்.

கேள்வி (தாம்பரம்): என்னுடையது எச்.சி.-எஸ்ஆர்04, அதுவும் ஒலியால் தூரம் அளக்கும் சென்சார். மொட்டை மாடி டேங்கில் காலையில் 99 செ.மீ., மதியம் 96. தண்ணீர் யாரும் திறக்கவில்லை.

பதில்: வெயில்தான். எதிரொலி திரும்ப எடுத்த மைக்ரோசெகண்டை 58-ஆல் வகுத்து செ.மீ. காணும் கணக்கு, ஒலி செகண்டுக்குச் சுமார் 345 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் வேகம் 331.3 + 0.606 × வெப்பநிலை. டேங்குக்குள் காற்று 45 டிகிரி ஆனால் வேகம் 358.6 மீட்டர், ஒரு மீட்டர் தூரம் 96 செ.மீ. ஆகத் தெரியும். 26 டிகிரியில் 99. மூடிக்குக் கீழே ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரைத் தொங்கவிட்டு அந்த வெப்பநிலையைக் கணக்கில் சேருங்கள். வெளிக்காற்றின் வெப்பநிலை உதவாது.

இடையில் 0 வந்தால் அது தூரம் அல்ல, எதிரொலி திரும்பவில்லை என்று, அந்த நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை சொல்வது. அதைச் சராசரியில் சேர்க்காதீர்கள். ஐந்து அளவு எடுத்து நடு எண்ணை வைத்துக்கொள்வது நல்லது. ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் 60 மில்லி செகண்ட் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பழைய எதிரொலி புதியதாகக் கணக்காகும்.

கேள்வி (வேளச்சேரி): அந்த எச்.சி.-எஸ்ஆர்04 சென்சாரை ஈஎஸ்பி32 போர்டில் நேராக இணைக்கலாமா?

பதில்: கூடாது. சென்சார் விடை தரும் எக்கோ பின் 5 வோல்ட் தரும், போர்டு 3.3 வோல்ட். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக போர்டு பின்னுக்கும், அந்தப் பின்னிலிருந்து 2 கிலோ ஓம் வழியாக கிரவுண்டுக்கும் போடுங்கள்.

கேள்வி (பல்லாவரம்): சம்ப்பில் எப்போதும் 62 செ.மீ. மட்டும். மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிரப்பினாலும் அதே.

பதில்: டேப்பை எடுத்து மூடியிலிருந்து 62 செ.மீ. கீழே பாருங்கள். ஏணிப் படியோ இன்லெட் பைப்போ நிற்கும். ஒலிக்கற்றை கீழே போகப் போக விரியும், வழியில் முதலில் தட்டுவதையே சென்சார் அளக்கும். சுவரை விட்டு நடுப்பக்கம் நகர்த்துங்கள். முகத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், மூடிய சம்ப்பில் அது தினமும் நடக்கும்.