கல் போல் இருக்க வேண்டுமா சைக்கிள் டயர்?

கேள்வி: பல்லடத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். என் எடை 58 கிலோ. ஆறு மாதங்களுக்கு முன் 26 × 1.95 அளவு டயர் கொண்ட சைக்கிள் வாங்கி, பின்னால் கேரியர் பொருத்திக்கொண்டேன். காலையில் 22 கிலோ எடையுள்ள மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அங்கிருந்து பனியன் கம்பெனிக்குச் செல்கிறேன். பாதி வழி தார்ச்சாலை, மீதி இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை). டயரின் பக்கவாட்டில் ‘40–65 பி.எஸ்.ஐ.’ என்று அச்சிட்டிருக்கிறது. பஞ்சர் கடைக்காரர், “காத்து கல்லாட்டம் இருக்கோணுமுங்க” என்று இறுக அடித்துவிடுகிறார். மகளோ முதுகு வலிக்கிறது என்கிறாள். குறைத்து அடித்தால் அடுத்த வாரமே பின்சக்கரம் பஞ்சராகிவிடுகிறது. எவ்வளவு அடிப்பது சரி?

பதில்: உங்கள் மகள் சொல்வதும் சரி, குறைத்தால் பஞ்சராகிறது என்று நீங்கள் கண்டதும் சரி. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு காற்று அடிப்பதால்தான் இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன.

பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலப் பரப்பின் மீது எத்தனை பவுண்டு அழுத்தம் என்பதைக் குறிக்கும் அளவு. டயரில் அச்சிட்டிருக்கும் 65 என்பது தாண்டக்கூடாத எல்லையே தவிர, எல்லோரும் எட்ட வேண்டிய அளவு அன்று. 40 என்பது அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்பதற்கான எல்லை. இடையில் எங்கே நிற்பது என்பதை ஓட்டுபவரின் எடையும், ஏற்றும் சுமையும், போகும் பாதையும்தான் தீர்மானிக்க வேண்டும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நீங்கள் 58 கிலோ, சைக்கிள் ஏறக்குறைய 17 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 75 கிலோ. இதில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 45 கிலோ அளவுக்கு, பின்சக்கரத்தின் மேல் இறங்கும். முன்சக்கரத்துக்கு மீதி 30 கிலோதான். கேரியரில் அமரும் மகளின் எடை ஏறத்தாழ முழுவதும் பின்சக்கரத்துக்கே போவதால், அது 67 கிலோவைச் சுமக்கிறது. முன்சக்கரம் சுமப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

67 கிலோ என்பது 148 பவுண்டு. 50 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் ஏறக்குறைய 3 சதுர அங்குல ரப்பர் தரையைத் தொட்டுக்கொண்டு அந்தச் சுமையைத் தாங்கும். 30க்கு இறங்கிவிட்டால் அதே சுமைக்கு 5 சதுர அங்குலம் வேண்டும். அதற்காக டயர் மிகவும் நசுங்குவதால், குழியின் விளிம்பில் ஏறும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கி நைந்துவிடுகிறது. மாறாக 65 அடித்தால் டயர் வளைந்துகொடுக்காது. இட்டேரியின் ஒவ்வொரு கல்லும் சைக்கிளையும் உங்களையும் மகளையும் சேர்த்துத் தூக்கிப்போடும். வண்டியை முன்னால் தள்ள வேண்டிய உங்கள் கால் உழைப்பின் ஒரு பகுதி இந்தக் குலுக்கலில் வீணாகிறது. கல் போன்ற டயர் எளிதாக உருளும் என்பது வழவழப்பான தார்ச்சாலைக்குத்தான் பொருந்தும்.

ஆகவே முன்சக்கரத்துக்கு 40, பின்சக்கரத்துக்கு 50 முதல் 55 வரை வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மகள் வராத விடுமுறைக் காலத்தில் பின்சக்கரத்துக்கு 45 போதும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கணிக்க வேண்டாம். தடித்த டயரில் 45க்கும் 65க்கும் உள்ள வேறுபாடு விரலுக்குத் தெரியாது.

அடுத்த முறை பஞ்சரானால், டியூபில் ஓட்டை எப்படி இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால் காற்றுக் குறைவால் நைந்தது. வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளாக இருக்கும். அதற்குக் காற்றைக் கூட்டுவதோ குறைப்பதோ மருந்தாகாது. டயரின் உட்புறத்தைத் துணியால் துழாவி, ஒடிந்த முள்நுனியை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் மறுநாளே திரும்பக் குத்தும். ரிம் பக்கம் ஓட்டை இருந்தால் ரிம் டேப் (சக்கரக் கம்பிகளின் முனைகளை மூடும் பட்டை) நகர்ந்திருக்கிறதா, கம்பியின் முனை துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே காற்றடிக்க அளவுமானி வைத்த பம்பு வாங்கலாமா? என்னுடையது வால் டியூப் போட்ட பழைய சைக்கிள். — கோபிசெட்டிபாளையம் வாசகி

பதில்: வாங்கலாம், ஆனால் உங்கள் வால்வுக்கு அந்த மானி சரியான அளவைக் காட்டாது. வால் டியூப் என்னும் அந்தச் சிறு ரப்பர் குழாயை விரித்துக்கொண்டு காற்று உள்ளே போகக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதால், அடிக்கும்போது முள் காட்டும் எண் டியூபுக்குள் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். அடுத்து டியூப் மாற்றும்போது மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வு கொண்ட டியூபைக் கேளுங்கள். அது உங்கள் ரிம்மின் துளையில் நுழைகிறதா என்பதைக் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பம்பில், காலால் மிதித்துக்கொண்டு இரு கைகளால் அடிக்கும் உயரமான வகையே நெடுநாள் உழைக்கும். மானியின் உச்ச எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்: 160 வரை போகும் மானியில் 45க்கும் 50க்கும் உள்ள இடைவெளி முடி அளவுக்குத்தான் தெரியும். உங்களுக்கு வேண்டிய எண் முள்ளின் பாதை நடுவில் வரும்படியான மானியே நல்லது. கடைக்காரரிடம் ஒரு டயரில் அடித்துக்காட்டச் சொல்லி, அடிப்பதை நிறுத்தியதும் முள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் வாய்ப்பகுதி கசிகிறது. அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இல்லாத பம்பைத் தவிர்த்துவிடுங்கள். ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த ரசீதுதான்.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம் என்றாலும், சைக்கிள் டியூப் சிறியது என்பதால் அந்த இயந்திரம் ஓரிரு நொடியிலேயே எல்லையைத் தாண்டிவிடும். வேறு வழியில்லாதபோது மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து அளந்து அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் நிறுத்தினால் டயர் வெடித்துவிடும் என்கிறார்களே? — காங்கேயம் வாசகர்

பதில்: 30 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 50 டிகிரிக்குச் சூடானாலும் அழுத்தம் 4 அல்லது 5தான் கூடும். எல்லைக்குள் அடித்த நல்ல டயர் அதைத் தாங்கிக்கொள்ளும். வெயிலில் வெடிப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே எல்லை வரை அடித்தவை, பக்கவாட்டில் நூல் தெரியத் தேய்ந்தவை, அல்லது டயரின் விளிம்புக்கடியில் டியூப் சிக்கும்படி மாட்டப்பட்டவை. எனவே கோடையில் காற்றைக் குறைக்க வேண்டாம். பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் டயரை மாற்றுங்கள்.