பிரிட்டனின் உழைக்கும் பெண்கள் எழுதியவை: கேள்வி பதில்

கேள்வி: யாரிலிருந்து தொடங்கலாம்?

மேரி கோலியர். ஹாம்ப்ஷயரின் பீட்டர்ஸ்ஃபீல்டில் வீடு வீடாகப் போய்த் துணி வெளுத்தவர். கதிரடிக்கும் கூலியாள் ஸ்டீபன் டக், 1730இல் வந்த தன் கவிதையில், வயலுக்கு வரும் பெண்கள் வேலையைவிட வாய்தான் அதிகம் காட்டுகிறார்கள் என்று எழுதிவிட்டார். கோலியர் அதை மனப்பாடமாகவே வைத்திருந்தவர். 1739இல் பதிலை அச்சில் கொண்டுவந்தார். வயலிலிருந்து திரும்பினால் ஆணுக்குச் சாப்பாடு, தூக்கம். பெண்ணுக்கு அடுப்பு, பிள்ளை, கிழிசல் தையல். சலவை நாளில் விடியுமுன்பே பெரிய வீட்டு வாசலில் நிற்க வேண்டும். முந்தின நாள் வேலையில் களைத்த வேலைக்காரப் பெண் உள்ளே தூங்குகிறாள், கதவு திறக்கவில்லை. அவளும் களைத்துத்தான் தூங்குகிறாள் என்று சொல்ல கோலியர் மறக்கவில்லை, பாருங்கள்! பிறகு மஸ்லின், லேஸ் எல்லாம் கிழியாமல் கசக்கி, விரலில் வேர்வையோடு ரத்தமும் வழிந்தபின் கூலி 6 பென்ஸ் அல்லது 8 பென்ஸ்.

கேள்வி: பள்ளிக்கூடம் போகாதவர் இப்படி எழுத முடியுமா? யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்களோ?

சிறுவயதிலேயே பெற்றோர் வாசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இதே சந்தேகம் அன்றே கிளம்பி, எழுதியது அவர்தான் என்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. தயவுசெய்து இந்தக் கேள்வியோடு வாசிக்கத் தொடங்காதீர்கள்.

கேள்வி: பெண்கள் தைத்த கில்ட், அதாவது அடுக்குத் துணிப் போர்வை, பற்றிச் சொல்லுங்களேன்?

தையல் என் துறை இல்லை. டர்ஹாம் பக்கத்து பீமிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: நாவல் எழுதிய மில் தொழிலாளி உண்டா?

எதெல் கார்னி. 11 வயதில் லங்காஷயர் மில்லில் அரைநேர வேலைக்குப் போனவர். முதல் நாவல் 1913இல்.

கேள்வி: தொழிலாளர் குடும்பத்துப் பெண் ஷீலா டெலானியின் நாடகத்தை உண்மையில் அதை இயக்கிய ஜோன் லிட்டில்வுட்தானே எழுதினார்?

மறுபடியும் அதே கேள்வி. 1958இல் மேடையேறியபோது டெலானிக்கு வயது 19. ஒத்திகையில் பிரதியை மாற்றுவது லிட்டில்வுட் குழுவின் வழக்கம். பிரெண்டன் பீஹன் என்ற ஆண் நாடகாசிரியரின் நாடகத்துக்கும் அப்படித்தான் செய்தார்கள். பீஹனை வைத்து இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கேள்வி: பிரிஸ்டல் பால்காரி ஆன் இயர்ஸ்லிக்கு 1,000க்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைச் சேர்த்து 1785இல் கவிதைப் புத்தகம் போட்டவர் எழுத்தாளர் ஹன்னா மோர். அவரையே எதிர்த்தது நன்றிகெட்டதனம் இல்லையா?

வந்த பணத்தை மோரும் அவருடைய பணக்காரத் தோழி எலிசபெத் மாண்டகுவும் அறங்காவலர்களாக இருந்து பூட்டிவைத்தார்கள். எழுதியவருக்கு அதில் ஒரு வார்த்தை சொல்லும் உரிமைகூட இல்லை. தன்னையும் அறங்காவலராகச் சேர்க்கக் கேட்டார், அவ்வளவுதான்.

கேள்வி: அன்றைய சட்டப்படி மனைவி பணம் கணவனுடையது. மோர் அதைக் காப்பாற்றத்தானே பார்த்தார்?

நியாயமான வாதம். கணவனிடமிருந்து காப்பாற்ற அந்த ஏற்பாடு சரி. இயர்ஸ்லியிடமிருந்தே எதற்குக் காப்பாற்ற வேண்டும்? பாலைக் கறந்து விற்றுக் குடும்பம் நடத்தியவருக்குப் பணக்கணக்கு தெரியாதா?

கேள்வி: மோர் இல்லாவிட்டால் அவர் பெயரே தெரிந்திருக்காதே?

முதல் புத்தகம் மோரால் வந்தது, மறுக்கவில்லை. பிரிந்தபின் வந்தவற்றையும் கணக்கில் எடுங்கள்: 1788இல் அடிமை வியாபாரத்தை எதிர்த்து, அந்த வியாபாரத்தில் கொழித்த பிரிஸ்டலிலிருந்தே ஒரு நீண்ட கவிதை, அடுத்த ஆண்டு மேடையேறிய நாடகம், 1793இல் ஹாட்வெல்ஸில் சொந்தமாக நடத்திய வாடகை நூலகம், 1795இல் நாவல்.